மாஸ்டரின் வலதுகால்

...இரண்டே விரல்தான், முழுக் கைகூட இல்லை, ஆள்காட்டி விரலும் நடுவிரலும், அதுவும் பனியனுக்கு மேலாக, இடுப்புக்குச் சற்று மேலே முதுகெலும்பு உள்வாங்கும் இடத்தில், அழைப்பு மணியை அமுக்குவதுபோல ஒரு தொடல், அரை நொடி இருக்குமா, இதைப் போய் ஒருவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்பாரா என்றால், மாஸ்டர் நின்றார், கையில் யாரும் கேட்காத, பிடி வழுக்காமல் பூசுகிற சுண்ணப்பொடி டப்பாவோடு. அந்த இரண்டு விரலுக்குக் கீழே அவருடைய மனைவியின் முதுகு இஸ்திரி போட்டதுபோல நிமிர்ந்தது. ஏழு வருஷமாக 'முதுகு, முதுகு' என்று அவர் தொண்டை கிழியக் கத்தியும் நிமிராத முதுகு... அந்த இடத்தில்தான் சுருக்கென்றது. ஜிம்மில் இருந்த எல்லாரும் அவர் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டர் துண்டால் முகம் துடைக்கிற சாக்கில் பார்த்தார், கணக்கு டீச்சர் சுவர்க் கண்ணாடி வழியாகப் பார்த்தார், தபால்காரர் ஒளிவுமறைவே இல்லாமல், டிக்கெட் வாங்கி வந்தவரைப்போல உட்கார்ந்து பார்த்தார். புருஷன் பார்க்கிற பார்வை என்று முடிவு கட்டியிருப்பார்கள், கட்டட்டும், அதில் ஒரு கௌரவமாவது இருக்கிறது, மனைவியை வேறொருவன் தொட்டால் வயிறெரிகிற கணவனை உலகம் மன்னித்துவிடும், இரண்டு பேர் தோளில்கூடத் தட்டுவார்கள். ஆனால் மாஸ்டருக்கு எரிந்தது அந்த வயிறு இல்லை. விரல் எங்கே பட்டது என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை, பட்டவுடன் நிமிர்ந்ததே, அந்த முதுகு மனைவியின் முதுகு என்பதற்கு முன்னால் மாணவியின் முதுகு, அவர் வளர்த்த முதுகு. இதை யாரிடம் சொல்ல, சொன்னால் சிரிப்பார்கள், அல்லது, அதைவிட மோசம், புரிந்துகொள்வார்கள்.

அந்த இரண்டு விரல்காரனுக்குக் கோணமானி என்று பெயர் வைத்தது மாஸ்டர்தான், மனசுக்குள் மட்டும். வாயில் 'சார்', மனசில் 'அவன்', 'கோணமானி'. 'முட்டி நூத்திப் பத்து டிகிரில இருக்கட்டும்', 'தோள் பாருக்கு ரெண்டு விரல் முன்னாடி இருக்கட்டும்' என்று எதையும் அளந்து பேசுகிற வாய்க்கு வேறு என்ன பெயர் வைப்பது. கூட்டிவந்தது மச்சினன், அவனுடைய ஜிம், மாஸ்டருக்கு அதில் சம்பளமும் மரியாதையும் உண்டு, முடிவெடுக்கிற உரிமைதான் கிடையாது. 'மாமா, வெளில இருந்து ஒரு கோச் வரார், ஆறு சனிக்கிழமை, ஒலிம்பிக் லிஃப்டிங் டெக்னிக் மட்டும். உங்களுக்கும் கொஞ்சம் ரெஸ்ட் கிடைக்கும்' என்றான். ரெஸ்ட்! நாற்பத்தேழு வயதில் ஒரு மனிதனுக்கு 'ரெஸ்ட்' என்று சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று அவனுக்குத் தெரியாதா, தெரியும், அக்கா புருஷன் என்பதால் பஞ்சு சுற்றிக் கொடுத்தான். மாஸ்டர் அந்த வாரம் முழுக்கத் தயாராகிக்கொண்டார். வருகிறவன் எப்படி இருப்பான் என்று அவருக்குத் தெரியும், புஜத்தைக் காட்டும் சட்டை, கழுத்தில் விசில், வாயைத் திறந்தால் வெளிநாட்டுப் பயிற்சி முகாம், அதற்கெல்லாம் எடுத்து வைத்திருந்தார் நாலைந்து வாசகங்களை, தபால்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்படியாக. முதல் சனிக்கிழமை வந்து இறங்கியவனோ குட்டை ஆள், முன்பக்கம் வாய் பிளந்த ஷூ, தோளில் ஒரு துணிப்பை, பைக்குள் பிளாஸ்டிக் குழாய் ஒன்றும் வேகவைத்த முட்டைகள் மூன்றும். விசில் இல்லை. 'நீங்கதான் மாஸ்டரா, ஒங்களப் பத்தி நெறைய சொன்னாங்க' என்று கும்பிடு போட்டான். தயார் செய்திருந்த வாசகங்களில் ஒன்றுகூட அவன்மேல் பொருந்தவில்லை. அடிக்க ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் தலைமுடியைக் கோதிக்கொள்வதுபோல, மாஸ்டர் சிரித்து வைத்தார்.

அன்றைக்கு அவன் அரைமணி நேரம் வாயே திறக்கவில்லை, ஒன்பது பேரையும் பிளேட் மாட்டாத வெறும் இரும்புப் பாரை எடுத்து ஸ்னாட்ச் செய்யச் சொன்னான், தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல், திரும்பத் திரும்ப. பார்த்துக்கொண்டே இருந்தான், ஒரு முட்டையை உரித்தான், தின்றான், பார்த்தான். பிறகு கேட்டான், மரியாதையாக, அதுதான் கொடுமை, 'இங்க எல்லாருக்குமே வலது முட்டில ஏதாவது பிரச்சினையா?' யாருக்கும் இல்லை. தரையைக் காட்டினான். கறுப்பு ரப்பர் விரிப்பில் சுண்ணப்பொடித் தடங்கள், பல் டாக்டருடையது, டீச்சருடையது, தபால்காரருடையது, எல்லாத் தடத்திலும் இடது கால் நேராக, வலது கால் மட்டும் அரையடி பின்னால் போய் வெளிப்பக்கம் திரும்பி... ஒன்பது பேர் வந்து போனது மாதிரி இல்லை, ஒரே ஆள் ஒன்பது தடவை வந்து போனது மாதிரி இருந்தது. எல்லாரும் மெதுவாகத் திரும்பி மாஸ்டரின் வலதுகாலைப் பார்த்தார்கள். அந்தக் கால் நின்றுகொண்டிருந்தபோதுகூட அரையடி பின்னால்தான் நின்றது. 'அது வந்து சார், எனக்குப் பழைய அடி. இருபத்திரண்டு வருஷம் முன்னாடி, போட்டி மேடையில, தொண்ணூறு கிலோ... முட்டி போயிடுச்சு, ஆனாலும் வெயிட்ட விடல. என்னயப் பாத்துப் பாத்து இவங்களுக்கும் ஒட்டிக்கிச்சுபோல' என்றார், நகைச்சுவையாக, ஒரு வீரனின் அலட்சியத்தோடு. இந்தக் கதையை அவர் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர் 'அடேங்கப்பா' என்பது வழக்கம், சுவரில் அந்தப் போட்டியின் போட்டோ வேறு இருக்கிறது, மூன்றாமிடம், அவருடைய எடைப் பிரிவில் மொத்தம் மூன்று பேர்தான் என்பது போட்டோவில் தெரியாது. கோணமானி 'ஓ' என்றான். அவ்வளவுதான். சந்தேகமா, இரக்கமா, சும்மா ஒரு 'ஓ'வா... ஆறு வாரமாக அந்த 'ஓ' அவர் காதுக்குள் கொசு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒவ்வொரு காலாக நேராகியது. டீச்சர் கால், பல் டாக்டர் கால், போன வாரம் தபால்காரர் கால்கூட. அவர்களுக்கு அது ஒரு பழக்கத்தைத் திருத்துவது. மாஸ்டருக்கு, சுவரிலிருந்து தன் போஸ்டரை ஒருவன் கிழிசல் கிழிசலாக உரிப்பதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பது.

அவள் கால் நேரானது மூன்றாவது வாரமே. கெட்டிக்காரி, அது அவருக்குத் தெரியாதா, முப்பத்தொன்பது வயது, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாளைக்கு அறுபது பேருக்கு ஊசி குத்துகிற கை, முதுகுவலி என்று வந்தவளை, வலிக்கு இதுதான் மருந்து என்று சொல்லி பாரைத் தூக்க வைத்ததே அவர்தான். இப்போது அடுத்த ஞாயிறு மூத்தோர் பிரிவுத் தேர்வுப் போட்டி. ஸ்னாட்சில் ஐம்பது கிலோ தூக்கினால் இடம் நிச்சயம், போட்டியில் இருக்கிற இன்னொரு லிஃப்டில் அவளுக்குக் கவலை இல்லை. நாற்பத்தெட்டில் இரண்டு வருஷமாக நிற்கிறாள், மாஸ்டர் கையில் இரண்டு வருஷம்... அதுவும் ஒரு கணக்குத்தான், யாரும் வாய்விட்டுச் சொல்லாத கணக்கு. விண்ணப்பப் படிவத்தில் 'உடன் வரும் பயிற்சியாளர்' என்று ஒரு வரி இருக்கிறது, ஒரே வரி, ஒரே பெயர், ஒருவருக்குத்தான் உள்ளே அனுமதி அட்டை. மேடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் அவளோடு இருக்கப்போவது அந்த ஒருவர். மற்றவர்களெல்லாம், கணவர் உட்பட, தடுப்புக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி. கடைசிச் சனிக்கிழமையான இன்று இரவு ஒன்பது மணிக்குள் படிவத்தை மச்சினனிடம் கொடுத்தால் அவன் அனுப்பிவிடுவான். காலையில் அவள் குளிக்கப் போயிருந்தபோது மாஸ்டர் அவள் பையைத் திறந்து பார்த்தார், திறந்து பார்க்கவில்லை, திறந்திருந்தது, பார்த்தார். பெயர், வயது, எடை, எல்லாம் அவளுடைய உருண்டைக் கையெழுத்தில் நிரம்பியிருந்தது. அந்த ஒரு வரி மட்டும் காலி. காலி என்றால் என்ன அர்த்தம், மறந்துவிட்டாளா, யோசிக்கிறாளா, 'மாஸ்டர்' என்று எழுதுவதற்கு யோசிக்க என்ன இருக்கிறது, ஏழு வருஷம், கல்யாணமாகிப் பதினாறு வருஷம், ஸ்பெல்லிங் தெரியாதா?

'நாப்பத்தாறு' என்றான் கோணமானி. மச்சினன் பிளேட் மாட்டினான். அவள் உள்ளங்கையில் பொடி தேய்த்துக்கொண்டு, அவர் டப்பாவிலிருந்து இல்லை, தரையில் இருந்த கட்டியிலிருந்து, பாருக்கு முன்னால் போய் நின்றாள். குனிந்தாள். இந்த இடத்தில் மாஸ்டரின் பாடம் ஒரே ஒரு சொல்தான், 'இழு!' என்று, கட்டடம் அதிரும்படி. பாதி உயரம் வரும்போது அவள் கை அவசரப்பட்டு மடங்கும், பார் முன்னால் ஓடும், அவர் மறுபடி 'இழு!' என்பார், இன்னும் சத்தமாக, சத்தம் போதவில்லை என்பதுபோல. கோணமானி கத்துவதில்லை. பார் தரையை விட்டதும் பக்கத்தில் யாரோ தூங்குவதுபோன்ற குரலில், 'பொறுங்க... பொறுங்க...' தொடை நடுவுக்கு வந்ததும், 'இப்ப.' அவ்வளவுதான், பார் தலைக்கு மேலே இருந்தது, அதன் கீழே அவள் உட்கார்ந்திருந்தாள், எழுந்தாள். தூக்கினவளுக்கே ஆச்சரியம். இரண்டாவது வாரம் அவன் அவளிடம் கேட்டான், 'மேடம், நரம்பு கெடைக்கலேன்னா அவசரப்பட்டுக் குத்திடுவீங்களா?' அவள், 'ஐயோ, மாட்டேன், தட்டித் தட்டிப் பாப்பேன், அது மேல வரும், அப்பறம்தான்.' 'அதேதான் இதுவும். பார் மேல வரும், பொறுங்க.' அவள் முகத்தில் விளக்குப் போட்டதுபோல ஒரு... மாஸ்டர் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறார், எப்போது, முதல் குழந்தையைக் கையில் கொடுத்தபோதா, அதற்குப் பிறகு பார்க்கவில்லை. பதினாறு வருஷமாக ஒரே வீட்டில், இரவு சாப்பாட்டில் தினமும் ஊசிக் கதைதான், யார் மயங்கி விழுந்தார், யார் ஊசியைப் பார்த்ததும் கடவுளை விட்டுவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார், எல்லாம் கேட்டார், சிரித்தார், அதில் ஸ்னாட்ச் இருப்பது அவருக்குத் தெரியவில்லையே. ஒரு வாரம் பழகின குட்டை மனிதனுக்குத் தெரிந்திருக்கிறதே. எப்படி? முட்டையா?

அவளிடம் சண்டையும் வந்தது, நாலாவது சனிக்கிழமை, வண்டி நிறுத்துமிடத்தில். 'ஏங்க, அந்த மனுஷன் என் முதுகுல கை வச்சா நீங்க ஏன் அப்படி மொறைக்கிறீங்க? எல்லாரும் பாக்கிறாங்க. எனக்கு அசிங்கமா இருக்கு.' 'நான் எங்க மொறைச்சேன்?' 'டீச்சரே கேட்டாங்க, மாஸ்டருக்குப் புடிக்கலயான்னு. இத்தன வருஷம் கழிச்சு சந்தேகமா ஒங்களுக்கு? என் வயசென்ன, அந்தாளு வயசென்ன, ரிடையர் ஆகப்போற ஆளு.' அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம், அடி, எனக்கு உன்மேல் சந்தேகம் இல்லை, நான் உனக்குச் சொல்லித்தந்ததன்மேல்தான் சந்தேகம் என்று. ஒரு வாக்கியம்தான். அதற்குப் பதில் அவர் என்ன செய்தார் என்றால், தலையைக் குனிந்துகொண்டு, 'எனக்குப் புடிக்கல, அவ்வளவுதான்' என்று தழுதழுத்தார், காதல் கணவராக. அவள், நம்பமாட்டீர்கள், லேசாகச் சிரித்தாள், 'ஐயே, போங்க' என்று தோளில் இடித்தாள், வழியெல்லாம் வண்டியில் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். செய்யாத காதலுக்கு அவ்வளவு மதிப்பெண்! மாஸ்டர் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டார். பொய்யான பொறாமை எவ்வளவு அழகாக இருக்கிறது, உண்மையானதைத்தான் வெளியே எடுக்க முடியவில்லை, ஊசிப்போன வாடை.

அன்றைக்கு மதியம்தான் ஒரு பழைய பத்திரிகைத் தாளைத் தேடி எடுத்தார். அதைப் பற்றி அவளுக்குத் தெரியாது, யாருக்குமே தெரியாது. பத்தொன்பது வயதில் ஒரு முடிதிருத்தும் கடையில், முறை வருகிறவரை புரட்டிய ஏதோ ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை, புரியாத மொழி, நடுப்பக்கத்தில் ஒருவன் ஸ்னாட்ச் செய்கிற ஆறு படங்கள். இருமிக்கொண்டே கிழித்துச் சட்டைக்குள் வைத்தார். அந்த ஆறு படம்தான் அவருக்கு குரு, பள்ளி, பல்கலைக்கழகம். மொட்டைமாடியில் தண்ணீர்க் குழாய் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று படத்துக்குப் படம் நின்று நின்று, எதிரே கண்ணாடி இல்லாமல், பின்னால் ஆள் இல்லாமல்... ஆறாவது படத்தில் அந்த ஆள் பாரைத் தலைக்கு மேல் பிடித்திருக்கிறான், வலதுகால் அரையடி பின்னால், வெளிப்பக்கம் திரும்பி. அதுதான் ரகசியம் என்று நினைத்தார், அந்தக் காலை அப்படியே கொண்டுவர எட்டு மாதம் ஆயிற்று. இருபத்தெட்டு வருஷம் கழித்து, மின்சார பில்களுக்கு நடுவிலிருந்து மடிப்பு மடிப்பாக வந்த அதே தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, மகளுடைய ஜியாமெட்ரி பெட்டியைத் திறந்து, ஆமாம், கோணமானியை எடுத்து வைத்துப் பார்த்தார். பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. படத்தில் மேடை மரப்பலகை, பலகைகளுக்கு நடுவே கோடுகள், எல்லாக் கோடும் சாய்வாக ஓடின. படமெடுத்தவன் பக்கவாட்டில் நின்று சாய்வாக எடுத்திருக்கிறான். அந்த ஆளின் இரண்டு குதிகாலும் ஒரே கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தன. நேராகத்தான் நிற்கிறான். சாய்ந்து நின்றது கேமரா. மாஸ்டர் கேமராவைக் கற்றுக்கொண்டிருக்கிறார். தொண்ணூறு கிலோ முட்டியை உடைக்கவில்லை, அன்று அவர் தூக்கியது எழுபது, முட்டி அதற்கு இரண்டு வருஷம் முன்பே வலிக்க ஆரம்பித்துவிட்டது, ஒவ்வொரு நாளும் கோணலாகப் போய் இறங்குகிற முட்டி வலிக்காமல் என்ன செய்யும், அந்த வலியைத்தான் அவர் காயம் என்று சொல்லி, காயத்தைத்தான் கதையாக்கி, கதையைத்தான் ஒன்பது பேருக்கு... இல்லை, இத்தனை வருஷத்தில் எத்தனை பேர், நூறு இருக்குமா? நூறு பேர் எங்கெங்கோ போய் வலதுகாலைப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், எவனோ ஒரு போட்டோகிராபருக்கு நேரே நிற்க இடம் கிடைக்காததால்.

'அம்பது' என்றான் கோணமானி. தபால்காரர் எழுந்து நின்றார். மச்சினன் இந்தப் பக்கம் இரண்டு கிலோ அந்தப் பக்கம் இரண்டு கிலோ என்று சின்னப் பிளேட்டை மாட்டி, இறுக்கியைத் திருகி, கையைத் தட்டிக்கொண்டு நகர்ந்தான். அவள் மாஸ்டர் பக்கம் ஒருமுறை பார்த்தாள், பழக்கம், பிறகு பாரைப் பார்த்தாள். விழட்டும் என்று நினைத்தார். நினைத்தாரா? வார்த்தையாக வரவில்லை, ஆனால் டப்பாவைப் பிடித்த விரல்கள் இறுகின, பார் முன்னால் ஓடட்டும், கை மடங்கட்டும், 'பரவால்ல, அடுத்த வாரம் நான் பாத்துக்கறேன்' என்று சொல்ல ஒரு வாய்ப்பு வரட்டும். குனிந்தாள். கோணமானி பின்னால் நின்றான், இரண்டு விரல், முதுகு நிமிர்ந்தது. அப்போது மாஸ்டருக்குத் தன் முதுகில், சரியாக அதே இடத்தில், குளிர்ந்ததுபோல இருந்தது. பத்தொன்பது வயது முதுகு, மொட்டைமாடி, வெயில், யாருமில்லை. பின்னால் வந்து நின்று ஒருவன், ஒரே ஒருவன், 'தம்பி, காலை நேரா வை' என்று சொல்லியிருந்தால்... அப்படியானால் இத்தனை வாரமும் எரிந்தது யாரைப் பார்த்து? சொல்லித்தருகிறவனைப் பார்த்து என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தார், பின்னால் நின்று சொல்லித்தர ஆள் கிடைத்தவளைப் பார்த்தா? சொந்தப் பெண்டாட்டியைப் பார்த்தா? 'பொறுங்க... பொறுங்க...' பார் தொடையைத் தொட்டது. 'இப்ப.' ஐம்பது கிலோ, பார்க்க எடையே இல்லாததுபோல, தலைக்கு மேலே போய் நின்றது. இரண்டு பாதமும் ஒரே கோட்டில். எழுந்தாள். கீழே விட்டாள், தரை அதிர்ந்தது, டீச்சர் கத்தினார், பல் டாக்டர் தபால்காரரைக் கட்டிப்பிடித்தார், மச்சினன் 'அக்கா! அக்கா!' என்று அதற்குமேல் வார்த்தை தெரியாதவன்போல நின்றான். மாஸ்டரும் கைதட்டினார். டப்பாவைக் கீழே வைக்க வேண்டியிருந்ததால் கொஞ்சம் தாமதமாக, மற்றவர்கள் நிறுத்தியபிறகு அவர் தட்டல் மட்டும் இரண்டு மூன்று தனியாகக் கேட்டது.

படிவத்தை அவள் வெளியே எடுத்ததை அவர் கண்ணாடியில் பார்த்தார். பிளேட் அடுக்கும் ராக்குக்குப் பின்னால் இருந்தார், ஒளிந்துகொண்டு இல்லை, அடுக்கிக்கொண்டுதான், ஏற்கெனவே அடுக்கியிருந்ததை எடுத்து மறுபடி. அவள் நேராகக் கோணமானியிடம் போனாள். 'சார், ஞாயித்துக்கிழமை நீங்க என்கூட உள்ள வருவீங்களா? ஒங்க பேரப் போடட்டுமா?' கேட்டுவிட்டாள். அவ்வளவு சுலபமாக, வழியில் போகிறவரிடம் மணி கேட்பதுபோல. பதினைந்து கிலோ பிளேட்டை மாஸ்டர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கோணமானி மூன்றாவது முட்டையின் ஓட்டைத் தாளில் மடித்துக்கொண்டிருந்தான். 'நான் எதுக்கு மேடம்? எனக்கு ஒங்க தூக்கு மட்டும்தான் தெரியும். ஒங்களுக்கு எப்ப கை நடுங்கும், எப்ப தண்ணி வேணும், அதெல்லாம் மாஸ்டருக்குத்தானே தெரியும். அவரு பேரப் போடுங்க.' 'அவரா...' என்றாள் அவள். பிறகு, 'சரி சார்.' எழுதினாள், ஜன்னல் விளிம்பில் வைத்து. கிடைத்துவிட்டது. ஆறு வாரமாக எதற்காகத் தூக்கம் கெட்டாரோ அது கிடைத்துவிட்டது, இன்னொருவன் சாப்பிட்டு வேண்டாமென்று தள்ளிய தட்டாக. அவனாவது கொஞ்சம் பிகு பண்ணியிருக்கலாம், வருகிறேன் என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக வெறுத்திருக்கலாம், அதற்கும் வழியில்லாமல் பெருந்தன்மை காட்டுகிறான் பாவி. போகும்போது மாஸ்டர் கையைப் பிடித்துக் குலுக்கினான், 'நல்ல ஆளுங்கள ரெடி பண்ணி வச்சிருந்தீங்க மாஸ்டர், எனக்கு வேலையே இல்ல' என்றான். மாஸ்டர் 'ஓ' என்றார்.

எல்லாரும் போய்விட்டார்கள். மச்சினன் முன்னறையில் யாரோடோ போனில், படிவம் அவன் சட்டைப்பையில். அவள் பாரில் நாற்பதை மாட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள், 'ஞாயித்துக்கிழமை நீங்கதான் என்கூட உள்ள வரணும், ஒங்க பேரத்தான் போட்டிருக்கேன்.' 'ஏன், அவரக் கேக்கலயா?' வாய் தானாகக் கேட்டது, கேட்டிருக்கக்கூடாது. 'அவர எதுக்கு?' என்றாள், பிளேட்டைப் பார்த்துக்கொண்டு, 'நீங்க இருக்கும்போது.' எவ்வளவு சரளமாக வருகிறது, ஊசி குத்தும்போது 'வலிக்காது, எறும்பு கடிக்கிற மாதிரிதான்' என்று அறுபது பேரிடம் சொல்கிற அதே குரல். மாஸ்டரும் வலிக்காதவர்போல, 'அதுவும் சரிதான்' என்றார். ஆளுக்கொரு பொய், வீட்டுக் கணக்கு சரியாகிவிட்டது. 'ஒரு தடவ பழகிக்கலாமா, அங்க மேடைல எப்படிச் சொல்வீங்களோ அப்படி பின்னாடி நின்னு சொல்லுங்க' என்று அவள் திரும்பி நின்றாள், குனிந்தாள், கைகளை அகல வைத்துப் பிடித்தாள், காத்திருந்தாள். அவர் பின்னால் போய் நின்றார். சொல்ல வேண்டும். 'இழு' தொண்டைவரை வந்தது, ஏழு வருஷப் பழக்கம், ஆனால் அதைச் சொன்னால் கை மடங்கும், அது இப்போது அவருக்குத் தெரியும், தெரியாமல் சொல்வது வேறு, தெரிந்துகொண்டு எப்படிச் சொல்வது. 'பொறு' என்று சொல்லலாம். சொல்லலாம்தான். அந்தச் சொல் அவனுடையது, அதை வாயில் எடுத்தால் இன்னொருத்தன் பல்குச்சியை எடுத்து வைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. தான் பார்த்துக் கற்றுக்கொண்ட அந்த ஆறு படமும் சாய்வாக எடுத்தது என்று சொல்லிவிடலாமா, இப்போதே, அவள் முகம் அந்தப் பக்கம் இருக்கும்போதே? வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். பார் தரையைவிட்டு எழும்பியது. யாரும் சொல்லவில்லை, அதுவாக, மெதுவாக, முட்டியைத் தாண்டி, தொடையைத் தொட்டு, பொறுத்து, பொறுத்து... மேலே. ஒரே சத்தமாக இரண்டு பாதம். மாஸ்டருக்கு முதலில் வந்தது சந்தோஷம், சுத்தமான, கெட்ட சந்தோஷம், அவன் இல்லை, அவன் விரல் இல்லை, அவன் 'இப்ப' இல்லை, இருந்தும் தூக்கிவிட்டாள், அவன் ஒன்றும் தேவையில்லை! அந்தச் சந்தோஷம் பாதி வழி போயிருக்கும், அங்கேயே நின்றுகொண்டது, மீதி வழியில் வேறு ஒன்று எதிரே வந்துகொண்டிருந்தது. அவள் பாரைக் கீழே விட்டுவிட்டு மூச்சு வாங்கத் திரும்பினாள். முகம் மலர்ந்திருந்தது, அந்த விளக்குப் போட்ட முகம், இந்தமுறை அவரைப் பார்த்து. 'ஒண்ணுமே சொல்லாம சும்மா நின்னீங்க பாருங்க' என்றாள், 'அது ரொம்ப நல்லா இருந்துச்சு. ஞாயித்துக்கிழமையும் இப்படியே நின்னுடுங்க.' மாஸ்டர் தலையாட்டினார். பாராட்டுதானே இது, பாராட்டாகத்தான் சொன்னாள், அவனிடம் ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லையே, சொன்னாளா, கேட்டுவிடலாமா... கேட்கவில்லை. சும்மா இருப்பதை இப்போதே ஆரம்பித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குப் பழகியிருக்கும். குனிந்து ஒரு பக்கத்துப் பிளேட்டைக் கழற்ற ஆரம்பித்தார், மறுபக்கத்தை அவள் கழற்றினாள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உருவியதில் பார் எந்தப் பக்கமும் சாயவில்லை.